பனிக்கும் பனைக்கும் நடுவே ஒரு கடைத்தெரு

மொன்றியல் நகரத்துத் தொழிலாளர் வாழ்வை எழுதிய நாவல்களில் முதலில் நினைவுக்கு வருவது கப்ரியேல் றுவா எழுதி 1945இல் வெளிவந்த 'பொனோர் டொக்காசியோன்'. அந்த நாவல் ஒரு மலிவுக் கடையின் சாப்பாட்டுக் கவுண்டரில் தொடங்குகிறது. சென்-ஹென்றி பகுதியிலுள்ள அந்தக் கடையில் புளோறன்ரீன் என்ற இளம்பெண் பரிமாறும் வேலை பார்க்கிறாள். அவளுடைய சம்பளமும் சேர்ந்துதான் வீட்டு அடுப்பு எரிகிறது. தகப்பனுக்கு நிலையான வேலை இல்லை. தாய் இன்னொரு மலிவான வீடு தேடித் தெருத்தெருவாக அலைகிறாள். யுத்தம் மூண்டபின் அந்தச் சனத்துக்குக் கிடைக்கிற நிச்சயமான ஊதியம் பட்டாளச் சம்பளம்தான். நாவலின் தலைப்புக்கூடக் கடைத்தெருவில் பொறுக்கிய சொல். 'ஒக்காசியோன்' என்றால் பிரெஞ்சில் தற்செயல் என்றும் பொருள், ஒருவர் பாவித்துக் கழித்த சாமான் என்றும் பொருள். தற்செயலாய்க் கிடைத்த மகிழ்ச்சி. இரண்டாம் கையாய் வாங்கிய மகிழ்ச்சி.

றுவா அந்தத் தெருவிற் பிறந்தவரல்லர். மனிரோபா மாகாணத்தில் பிறந்து, ஐரோப்பா போய்த் திரும்பி, 1939இல் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தவர். நடந்து நடந்துதான் அவர் அந்தப் பகுதியைப் படித்தார்.

அவர் மட்டுமல்ல. 1959இல் மோர்டெக்காய் றிச்லர் எழுதிய 'டடி கிராவிற்ஸ்' நாவல் சென்-ஊர்பன் வீதியின் யூதச் சனத்தைப் பற்றியது. தகப்பன் ரக்சி ஓட்டுகிறார். தகப்பனின் சகோதரன் ஆடைத் தொழிற்சாலை முதலாளி. 1968இல் மேடையேறிய மிஷெல் திறம்பிளேயின் 'லே பெல்-சேர்' நாடகத்தில் நடப்பது என்ன? ஒரு பெண்ணுக்குப் பரிசாகப் பத்து இலட்சம் கடை முத்திரைகள் கிடைக்கின்றன. அவற்றைப் புத்தகங்களில் ஒட்டிக் கொடுத்தால் வீட்டுக்குச் சாமான் வாங்கலாம். அயற்பெண்களைக் கூப்பிட்டுக் குசினியில் இருந்து ஒட்டுகிறாள். ஒட்ட வந்தவர்கள் களவெடுக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. கியூபெக் நாடகம் அந்தக் குசினியில் தலைகீழாய்ப் புரண்டது.

எனது கேள்வி இதுதான். எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து நாமும் இந்த நகரத்தில் இருக்கிறோம். 1986 ஓகஸ்ட்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து மீட்கப்பட்ட 155 பேரில் பலர் பிறகு வந்து சேர்ந்த நகரங்களில் இதுவும் ஒன்று. கதை எழுதினோம், கவிதை எழுதினோம், சஞ்சிகை நடத்தினோம், மலர் வெளியிட்டோம். இவ்வளவு எழுத்திலும் மொன்றியலின் கடையோ தொழிற்சாலையோ தெருமுனையோ ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது?

* * *

1994இல் இந்திரா பார்த்தசாரதியும் எஸ்.பொ.வும் தொகுத்த 'பனியும் பனையும்' வெளிவந்தது. சிதறிக் கிடந்த புலம்பெயர் கதைகளை ஒரே தொகுப்பிற் காட்டிய அதன் பங்கை எவரும் மறுக்க முடியாது. எனது முறைப்பாடு தொகுப்பைப் பற்றியதல்ல. அதன் தலைப்பு பின்வந்தோருக்கு ஒரு சூத்திரமாகிப் போனதைப் பற்றியது. பனி என்றால் இங்கே, பனை என்றால் அங்கே. இரண்டுக்கும் நடுவில் ஒரு யன்னல். யன்னலருகே ஒருவன் நின்று வெளியே பார்க்கிறான், ஊரை நினைக்கிறான், கண் கலங்குகிறான். கதை முடிந்தது.

பனிக்கு விலாசம் கிடையாது. ஒஸ்லோவில் விழுந்தாலும் மொன்றியலில் விழுந்தாலும் அது வெள்ளைதான். பனி என்று எழுதிவிட்டால் எந்த நகரம், எந்த வீதி, எந்த மொழிபேசும் சனம் என்று சொல்லும் பொறுப்பிலிருந்து எழுதுபவர் விடுபட்டு விடுகிறார். பனியைத்தான் எழுதுவதென்றாலும் மொன்றியற் பனியை எழுதலாமே. பனி அகற்றும் வண்டிகள் வருமுன் இழுவை வண்டி சைரன் ஊதிக்கொண்டு வீதியால் ஊரும். அந்தச் சத்தத்துக்குக் காரை எடுக்க நித்திரைப் பாயிலிருந்து காற்சட்டை மாட்டியபடி ஓடாத குடும்பஸ்தன் இந்த நகரத்தில் உண்டா? ஊரில் சைரனுக்குப் பங்கருக்குள் ஓடிய கால்கள் இங்கே காருக்கு ஓடுகின்றன. யன்னலோடு நின்றுவிடும் எழுத்துக்கு இது கேட்பதேயில்லை.

வேலை எமது கதைகளில் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. கோப்பை கழுவுதல் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த கதைகளில் எத்தனை பேர் கோப்பை கழுவியிருக்கிறார்கள்! ஆனால் அந்தக் கதைகளைப் படித்து ஒரு றெஸ்ரோரன்ற் குசினி எப்படி இயங்குகிறது என்று அறிய முடியாது. பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்தவன் யார், அவன் எந்த நாட்டு அகதி, மணித்தியாலத்துக்கு எவ்வளவு, சம்பளம் காசோலையாகவா கையிலா, எதுவும் தெரியாது. கோப்பை அங்கே ஒரு குறியீடு. 'பட்டதாரி விழுந்துவிட்டான்' என்பதைக் காட்டும் குறியீடு. உழைப்பு உழைப்பாக வரவில்லை, அவமானமாக வந்தது.

ஒப்புநோக்க ஒருவரைச் சொல்கிறேன். டனி லபெறியேர் ஹெயிற்றியின் சர்வாதிகாரத்திலிருந்து தப்பி 1976இல் மொன்றியல் வந்தவர். தொழிற்சாலைகளில் வேலை செய்தவர். அவரது முதல் நாவல் 1985இல் வந்தது. எம்மவர் விமானத்தால் இறங்கிக்கொண்டிருந்த அதே காலம். நாவலில் பனி இல்லை. கோடை வெக்கை, மலிவான ஒரு அறை, ஒரு தட்டச்சு இயந்திரம், சென்-லூயி சதுக்கத்தைச் சுற்றிய தெருக்கள். ஊரை இழந்த துயர் அவருக்கு எம்மிலும் குறைந்ததல்ல. ஆனால் தான் இருக்கிற தெருவின் பெயரை அவர் முதலில் எழுதினார். 2013இல் பிரெஞ்சு அக்கடமி அவரை உறுப்பினராகத் தெரிவு செய்தது.

* * *

நாம் எழுதாமல் விட்டவற்றில் பெரியது ஷபனெல் வீதி.

மொன்றியல் கனடாவின் ஆடைத் தொழில் தலைநகரமாக இருந்தது. முன்பு சென்-லோறன் வீதியையும் அதன் சுற்றுப்புறத்தையும் நிறைத்திருந்த தையல் தொழிற்சாலைகள் அறுபதுகளுக்குப் பின் வடக்கே ஷபனெலின் பென்னம்பெரிய கட்டடங்களுக்குப் போயின. தைத்த கைகள் மாறிக்கொண்டே வந்தன. கிழக்கு ஐரோப்பிய யூதப் பெண்கள், பிரெஞ்சுக் கனடியப் பெண்கள், இத்தாலியர், கிரேக்கர், போர்த்துக்கீசர், ஹெயிற்றியர், வியற்நாமியர், பிறகு நாங்கள். நாம் நுழைந்த கதவு ஏற்கெனவே பலர் நுழைந்த கதவு. 1937 ஏப்ரலில் இந்த நகரத்தின் ஆடைத் தொழிலாளப் பெண்கள் சுமார் 5,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலும் பிரெஞ்சுக் கனடியர். பிரெஞ்சும் ஆங்கிலமும் இத்திஷும் பேசத் தெரிந்த லெயா றோபக் அவர்களிடையே தொழிற்சங்கம் கட்டினார். மாகாண அரசும் திருச்சபையும் எதிர்த்து நிற்க, மூன்று வாரத்தில் தொழிற்சங்கத்தை முதலாளிகள் ஏற்க வேண்டியதாயிற்று. அந்தத் தொழிலில் வருடக்கணக்காக உழைத்த எம்மவரில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

துண்டு வேலை என்றால் என்னவென்று எழுதிய தமிழ்க் கதை ஒன்றைத் தேடிப் பாருங்கள். வெட்டிய துணி கட்டுக் கட்டாக வரும். ஒரு கட்டில் கை மட்டும், இன்னொன்றில் கொலர் மட்டும். ஒருத்தி நாள் முழுக்கச் சட்டையின் கையையே தைப்பாள்; முழுச் சட்டையை அவள் காண்பதில்லை. கட்டோடு வரும் ரிக்கற்றில் தன் வேலைக்குரிய சிறு துண்டை வெட்டி எடுத்து ஒரு தாளில் ஒட்டி வைக்க வேண்டும். கிழமை முடிவில் அந்தத் துண்டுகளை எண்ணித்தான் சம்பளம். துண்டு தொலைந்தால் உழைப்புத் தொலைந்தது. திறம்பிளேயின் பெண்கள் குசினியில் ஒட்டிய முத்திரைகளை இப்போது நினைத்துப் பாருங்கள். வேலையை வீட்டுக்குக் கொண்டுபோய், பிள்ளைகள் படுத்தபின் ஓவர்லொக் மெசின் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்காதபடி அடியில் பழைய கம்பளம் விரித்துத் தைத்தவர்களும் உண்டு. நாங்கள் இதைக் கண்டோம். கண்டும், யன்னலால் பனி பார்த்தோம் என்று எழுதினோம்.

இந்தத் தொழில் ஏன் சரிந்தது என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. ஏழை நாடுகளிலிருந்து வரும் ஆடைகளுக்கு 1974 முதல் பணக்கார நாடுகள் கோட்டா வைத்திருந்தன. அந்தக் கோட்டா முறை 2005 ஜனவரி முதலாம் திகதியோடு ஒழிந்தது. அதற்கு முன்பே மெலிந்துகொண்டிருந்த ஷபனெல் அதன்பின் வேகமாக வெறுமையாயிற்று. மறுபக்கம் இலங்கையைப் பாருங்கள். 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் திறந்ததிலிருந்து ஆடைதான் அந்த நாட்டின் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்று. 2009இல் யுத்தம் முடிந்தபின் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலை வந்துவிட்டது. ஷபனெலில் தையல் வேலை இழந்த ஒருத்தியின் தங்கை மகள் இன்று கிளிநொச்சியில் அதே கையை, அதே கொலரைத் தைத்துக்கொண்டிருக்கலாம். பனியையும் பனையையும் இணைக்கிற நூல் தேடுபவர்களுக்கு இதோ, உண்மையான நூல்.

* * *

கடைகளுக்கு வருவோம். கியூபெக்கில் தெருமுனைக் கடைக்கு 'டெப்பனர்' என்று பெயர். அந்தரத்தில் உதவுகிறவன் என்பது சொல்லின் பொருள். பால், பாண், பியர், சிகரெட், லொத்தர். இரவு பதினொரு மணிக்குப் பியர் விற்பனை நிற்க வேண்டும். பத்து ஐம்பத்தைந்துக்கு ஓடிவருபவனின் முகத்தைக் கடைக்காரன் மட்டும்தான் அறிவான். தனிக் குடும்பங்கள் நடத்திய இத்தகைய கடைகளின் நகரத்தில்தான், பக்கத்து லவாலில், 1980இல் ஒரே ஒரு கடையாகத் தொடங்கிய கூஷ்-தார் உலகப் பெருவணிகமாக வளர்ந்தது. தனிக்கடைகள் ஒவ்வொன்றாக மூடின.

ஜோன்-ரலோன் வீதியின் மேற்குப் பகுதியில், பார்க் எக்ஸ்ரென்ஷனில், எம்மவர் கடைகள் வேறொரு விதமானவை. 1987இல் பார்க் மெற்றோ நிலையமும் 1988இல் அக்காடி நிலையமும் திறந்தன. அந்த ஆண்டுகளில் கிரேக்கர் மெல்ல வெளியேற, அந்த இடங்களுக்குத் தெற்காசியர் வந்தார்கள். ஒரு தொண்ணூறுகளின் தமிழ்க் கடையை நினைவிற் கொண்டு வாருங்கள். முன்னால் முருங்கைக்காயும் வல்லாரையும். பின்னால் வீடியோக் கசெற் அடுக்கு, படப்பெயர் கையெழுத்தில். கவுண்டரில் ரெலிபோன் அட்டைகள். கதவில் மரண அறிவித்தல், அதன் கீழ் 'அறை வாடகைக்கு', அதன் கீழ் சங்கீத வகுப்பு. லாச்சிக்குள் கடன் கொப்பி. அந்தக் கொப்பியில் பெயர்கள் ஊரோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கும், ஏனென்றால் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தார்கள். அகதி வழக்கு யாருக்கு வென்றது, யார் ரொறொன்ரோ போகிறார், யாருடைய வீட்டில் புதுப்பெண் வந்திறங்கியிருக்கிறாள் என்பதெல்லாம் முதலில் தெரிவது அங்கேதான். சங்கக்கடையும் தபாற்கந்தோரும் தேநீர்க்கடையும் சேர்ந்த ஒரு புது நிறுவனம் அது. அதற்கு எமது இலக்கியத்தில் ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

அந்தக் கடையின் பெயர்ப்பலகை மட்டுமே ஒரு நீண்ட கட்டுரைக்குப் போதும். துறைமுகப் பக்கம் இரவில் சிவப்பாய் எரியும் 'பைவ் றோசஸ்' மாக் கம்பனிப் பலகையில் முன்பு மாவுக்கான பிரெஞ்சுச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் இருந்தன. சட்டம் 101 வந்த 1977இல் ஆங்கிலச் சொல் கழற்றப்பட்டது. வெளிப் பலகைகளில் பிரெஞ்சு மட்டும் என்ற விதியை 1988இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. மாகாண அரசு உடனே வேறு சட்டம் போட்டு அதைக் காப்பாற்றியது. 1993இல்தான் பிரெஞ்சு மேலோங்கி நிற்கும்வரை வேறு மொழியும் வரலாம் என்றானது. 2022இன் சட்டம் 96ஐத் தொடர்ந்து, 2025 ஜூன் முதல் கடைமுகப்பில் பிரெஞ்சல்லாத வணிகப் பெயர் இருந்தால் பிரெஞ்சுக்கு அதைப்போல் இரு மடங்கு இடம் விட வேண்டும்.

1956இன் தனிச் சிங்களச் சட்டத்தையும் 1958இல் பெயர்ப்பலகைகளிற் பூசப்பட்ட தாரையும் கண்ட சனம் இந்தப் பலகையின் கீழ் நின்று அரிசி விற்றது. அதற்கு என்ன தோன்றியிருக்கும்? கியூபெக்கையும் கொழும்பையும் ஒரே தராசில் வைப்பது தவறு. பிரெஞ்சுக்காரன் தன் சொந்த மாகாணத்தில் ஆங்கில முதலாளியிடம் கூலியாக நின்ற வரலாறு வேறு. ஆனால் அந்த வேறுபாட்டை யோசிக்க, தமிழ் எழுத்தைச் சிறிதாக்கிப் பிரெஞ்சைப் பெரிதாக்கச் சொல்லிப் பலகை எழுதுபவனிடம் போகிற ஒரு தமிழ்க் கடைக்காரனை விடச் சிறந்த பாத்திரம் யார்? வீட்டிலே அவனுடைய பிள்ளை பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போய்வந்து அந்தப் பலகையின் எழுத்துப் பிழையைத் திருத்துகிறது. அவனை எவரும் எழுதவில்லை.

* * *

ஏன் எழுதவில்லை? ஊர் ஏக்கம் கண்ணை மறைத்தது என்பது வழமையான பதில். நான் அதை ஏற்கவில்லை. ஏக்கம் கூர்மையாகவும் பார்க்க வைக்கும். லபெறியேர் அதற்குச் சாட்சி. மூன்று காரணங்களைச் சொல்வேன்.

முதலாவது கௌரவம். யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கம் உத்தியோகத்தை வணங்கும். தொழிலை, அதிலும் கைத்தொழிலை, சாதியோடு சேர்த்து அளக்கும். ஊருக்கு எழுதிய கடிதங்களில் 'கம்பனியில் வேலை' என்றுதான் இருந்தது. என்ன கம்பனி, என்ன வேலை என்பது இல்லை. கடிதத்தில் மறைத்ததைக் கதையிலும் மறைத்தோம். எமது புலம்பெயர் இலக்கியத்தின் பெரும்பகுதி ஊருக்கு எழுதிய கடிதத்தின் நீட்சிதான்.

இரண்டாவது, மொன்றியலை நாம் ஊராக எண்ணவில்லை, தங்குமடமாக எண்ணினோம். வழக்கு முடியட்டும், பிள்ளை ஆங்கிலம் படிக்கட்டும், ரொறொன்ரோ போவோம். போனவர்கள் ஆயிரக்கணக்கு. தங்குமடத்தின் சுவரை யார் வர்ணிப்பார்? ஆனால் அந்தத் தங்குமடத்தில் பலருக்கு முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

மூன்றாவது பயம். கடைக் கவுண்டரில் கடன் கொப்பிக்குப் பக்கத்தில் உண்டியலும் இருந்தது. கனடாவிலும் பிரித்தானியாவிலும் தமிழ்க் குடும்பங்களிடமும் வணிகர்களிடமும் யுத்தத்துக்கு எப்படிப் பணம் கேட்கப்பட்டது என்பதை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2006 மார்ச்சில் அறிக்கையாக வெளியிட்டது. மனமுவந்து கொடுத்தவரும் உண்டு, கேட்டவரின் முகத்துக்காகக் கொடுத்தவரும் உண்டு. 1994 மே முதலாம் திகதி பாரிசில் சபாலிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டபின், எந்தச் சஞ்சிகையைத் தட்டில் வைக்கலாம் என்று கடைக்காரர் இருமுறை யோசித்தார்கள். கடையை உள்ளபடி எழுதினால் இதையும் எழுத வேண்டியிருந்தது. பனியைப் பற்றி எழுதுவதில் எவருக்கும் ஆபத்தில்லை.

இதிலே வருந்தத்தக்கது, நாம் வெறுங்கையோடு இங்கு வரவில்லை என்பதுதான். தொழிலையும் தெருவையும் எழுதும் மரபு ஈழத்தில் இருந்தது. முடிதிருத்தும் தொழிலாளியான டொமினிக் ஜீவா 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் ஒரு சலூன் எழுத்தாளர் கூடும் இடமாயிற்று. பட்டறையில் வேலை செய்த கே. டானியல் 'பஞ்சமர்' எழுதினார். அறுபதுகளில் பண்டிதர்கள் இவர்களுடைய எழுத்தை 'இழிசனர்' எழுத்தென்று பழித்தார்கள். திறம்பிளே மொன்றியல் கிழக்கின் பேச்சை மேடையேற்றியபோதும் அதே பழிதான் வந்தது. பண்டிதர்கள் தோற்றார்கள் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. விமானநிலையத்தில் இறங்கியபோது நமக்குள் இருந்த பண்டிதரும் கூடவே இறங்கிவிட்டார்.

* * *

தெருவைப் பாராட்டி எழுதச் சொல்கிறேன் என்று எவரும் விளங்கிக்கொள்ளக் கூடாது. அதை உல்லாசப் பயணத் துண்டுப் பிரசுரங்கள் நன்றாகவே செய்கின்றன. 'மசாலா மணக்கும் பார்க் எக்ஸ்ரென்ஷன்' என்று எழுதுபவருக்குத் தோசையின் விலை தெரியும், தோசை சுடுபவரின் சம்பளம் தெரியாது. றிச்லரைச் சொந்தச் சனமே ஏசியது. யூதரை எதிரிகள் முன் கேவலப்படுத்துகிறான் என்றார்கள். அவர் தன் முதலாளிகளைத் தன் முதலாளிகள் என்பதற்காக விட்டுவைக்கவில்லை. தமிழ்க் கடையிலும் புதிதாய் வந்த தமிழ்ப் பையனுக்குச் சட்டக் கூலி கொடாதவர் உண்டு. அதே மனிதர் அவனுக்கு வாடகைக் கடிதமும் எழுதிக் கொடுத்து, வழக்கறிஞரிடமும் கூட்டிப் போயிருப்பார். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்கக்கூடியது இலக்கியம் ஒன்றுதான்.

அவகாசமும் அதிகம் இல்லை. றுவா எழுதிய சென்-ஹென்றி இன்று இல்லை. லஷீன் கால்வாய் 1970இல் மூடப்பட்டு, 2002இல் உல்லாசப் படகுகளுக்காகத் திறக்கப்பட்டது. கரையிலிருந்த சீனி ஆலை இன்று விலையுயர்ந்த குடியிருப்பு. ஆனாலும் நாவல் இருக்கிறது. புளோறன்ரீன் அந்தக் கவுண்டரில் இன்னும் நிற்கிறாள். பார்க் எக்ஸ்ரென்ஷனின் மேற்கெல்லையில் வசதியுள்ள மவுண்ட் றோயல் நகரம் 1960இல் அக்காடி வீதி நெடுக வேலி போட்டது. எம்மவர் வந்திறங்கிய காலத்தில் அந்த வேலிதான் எல்லை. இப்போது நெருக்குவது தெற்கிலிருந்து. பழைய ஊற்றமொன் றெயில் நிலத்தில் 2019இல் மொன்றியல் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகம் திறந்தது. வாடகை ஏறுகிறது, குடியிருப்போர் சங்கங்கள் முறையிடுகின்றன, சின்னக் கடைகள் இடம் மாறுகின்றன. வீடியோக் கடை எப்போதோ போய்விட்டது. அந்தக் கடன் கொப்பிகளைக் குப்பையிற் போட்டிருப்பார்கள். இந்தத் தெரு போனபின் அதைத் தேடுவதற்கு எமக்கு ஒரு புத்தகமும் இராது.

ஷபனெலில் தைத்தவர்களுக்கு இன்று அறுபது, எழுபது வயது. அவர்களுடைய பிள்ளைகள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறார்கள், சிலர் தமிழிலும். அவர்கள் அம்மாவிடம் ஊரைப் பற்றி மட்டும் கேட்கிறார்கள். ஏனென்றால் அம்மா ஊரைப் பற்றி மட்டும்தான் சொல்கிறார். வேறு சிலவற்றையும் கேளுங்கள். எந்த மாடி? என்ன மெசின்? ஒரு கைக்கு எத்தனை சதம்? பக்கத்துக் கதிரையில் இருந்தவள் யார், அவளோடு எந்த மொழியிற் கதைத்தாய்? சுப்பவைசர் கத்தியபோது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தீர்களா? பதில் சொல்ல அவர் முதலில் கூச்சப்படுவார். பொறுத்திருந்து மறுபடி கேளுங்கள்.